ஒரு சனிக்கிழமை, மூன்று பிறைகள்: பாத்தா, கிளிஃப்டனா, பக்ஸ்டனா?

சித்தி மகள் மே மாதம் சென்னையிலிருந்து இங்கிலாந்துக்கு வருகிறாள். பத்து நாள் பயணம். கூடவே அவள் கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார். தங்குவது லண்டனில். ஒரு சனிக்கிழமையை மட்டும் எந்தத் திட்டமும் போடாமல் வைத்திருக்கிறாள். "அக்கா, அந்த வளைஞ்ச வீட்டு வரிசை ஒண்ணையாவது நேர்ல பார்த்துடணும். பாத் போறதா, கிளிஃப்டன் போறதா, பக்ஸ்டன் போறதா? நீங்களே சொல்லிடுங்க" என்று கேட்டாள். கட்டடக்கலை படித்தவள். கல்லூரியில் தாளில் வரைந்து பார்த்ததைக் கல்லாகப் பார்க்க ஆசைப்படுகிறாள்.

போனில் பத்து நிமிடம் பேசினேன். வைத்த பிறகுதான், சொல்ல வேண்டியதில் பாதியைச் சொல்லவில்லை என்று தோன்றியது. மூன்று இடங்களுக்கும் நான் பலமுறை போயிருக்கிறேன், ஒன்றில் வாடகைக்கும் இருந்திருக்கிறேன். அவளைப் போல ஒரு நாளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கிறவர்களுக்கும் உதவட்டும் என்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பெயர். ஜார்ஜிய பாணி என்றால் காக்கசஸ் மலைப்பக்கம் இருக்கும் ஜார்ஜியா நாட்டைச் சேர்ந்தது என்று நினைத்துவிட வேண்டாம். 1714 முதல் 1830 வரை பிரிட்டனை வரிசையாக ஆண்ட நான்கு ஜார்ஜ் மன்னர்களின் காலம் அது. அப்போது பணக்காரர்கள் உடம்பைத் தேற்றிக்கொள்ள வெந்நீர் ஊற்று ஊர்களுக்குப் போய் மாதக்கணக்கில் தங்கினார்கள். குளியல் ஒரு பக்கம் நடக்கும். பெண்ணுக்கு வரன் பார்ப்பது, சீட்டாடுவது, நாலு பேர் கண்ணில் படுவது எல்லாம் இன்னொரு பக்கம் நடக்கும். அவர்களுக்கு வாடகைக்கு விட வீடு வேண்டும். அதுவும் அரண்மனை போலத் தெரிய வேண்டும். இந்தத் தேவையில் பிறந்ததுதான் கிரெசண்ட். பொதுச்சுவர் வைத்து ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள் பிறை போல வளைந்து நிற்கும். முகப்பு மட்டும் ஒரே கட்டடம் போல இருக்கும். முப்பது குடும்பம் இருக்கும் இடம் தூரத்திலிருந்து ஒரு ராஜா வீடாகத் தெரியும்.

இந்த யோசனையை முதலில் கல்லில் செய்து காட்டியது பாத் ஊரின் ராயல் கிரெசண்ட். 1767-இல் தொடங்கி 1775 வாக்கில் முடித்தார்கள். வரைந்தவர் இளைய ஜான் வுட். அவருடைய அப்பா, மூத்த ஜான் வுட், பக்கத்திலேயே சர்க்கஸ் என்ற வட்ட வீதியைத் திட்டமிட்டு, 1754-இல் வேலை தொடங்கிய கொஞ்ச நாளிலேயே இறந்துபோனார். மகன் அதை முடித்தார். அப்பாவின் முழு வட்டம் முடிந்துகொண்டிருக்கும்போதே மகன் அரை நீள்வட்டத்துக்கு அஸ்திவாரம் போட்டுவிட்டார். வட்டத்துக்குள் நின்றால் வானம் மட்டும்தான் தெரியும். பிறை ஒரு பக்கம் திறந்திருப்பதால் வயலும் மலையும் தெரியும். ஊரும் நாட்டுப்புறமும் ஒன்றையொன்று பார்த்து நிற்க வேண்டும் என்ற எண்ணம் இங்கேதான் வேர் பிடித்தது. அதன் பிறகு பிரிட்டன் முழுக்க ஊருக்கு ஊர் கிரெசண்ட் எழும்பியது.

மொத்தம் முப்பது வீடுகள், நீளம் ஏறக்குறைய 150 மீட்டர். தரைத்தளத்தில் எந்த அலங்காரமும் கிடையாது. வெறும் கல், கதவு, ஜன்னல். அதற்கு மேலே இரண்டு மாடி உயரத்துக்கு 114 அயோனிக் தூண்கள், ஒவ்வொன்றும் இரண்டரை அடி குறுக்களவு. தூணின் தலையில் இரண்டு பக்கமும் ஆட்டுக்கொம்பு போலச் சுருண்ட போதிகை. நடுவீடு எது என்று காட்ட கோபுரமோ முக்கோண முகடோ வைக்கவில்லை. அங்கே மட்டும் தூண்களை ஜோடி ஜோடியாக நிறுத்தியிருக்கிறார் வுட், அவ்வளவுதான். சொல்லாவிட்டால் கண்ணில் படாது. பார்த்துவிட்டால் அப்புறம் கண் அங்கேயேதான் போய் நிற்கும். இந்த அடக்கம்தான் எனக்கு அந்தக் கட்டடத்தில் மிகவும் பிடித்தது.

கல்லைப் பற்றிச் சொல்லாமல் பாத்தைப் பற்றிப் பேச முடியாது. ஊரைச் சுற்றியுள்ள கூம் டவுன் போன்ற குன்றுகளில் வெட்டிய சுண்ணாம்புக்கல் அது. ரால்ஃப் ஆலன் என்ற சுரங்க முதலாளி மலையிலிருந்து ஆற்றங்கரை வரைக்கும் தண்டவாளம் போட்டு அதை இறக்கினார். வெட்டும்போது மென்மையாக இருக்கும், காற்றுப் பட்டதும் இறுகும். எந்தப் பக்கமும் அறுக்கலாம். நிறம் சொல்ல வேண்டுமென்றால், மழை பெய்து ஓய்ந்த நேரத்தில் வெல்லப்பாகு நிறம், வெயிலில் நெய் உருகிய நிறம். அம்மா வந்திருந்தபோது ஒரு வீட்டின் சுவரை உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டு, "ரவை மாதிரி நறநறங்குதே" என்றாள். உண்மைதான். கிட்டே போய்ப் பார்த்தால் மீன் முட்டை போலச் சின்னச் சின்ன உருண்டைகள் சேர்ந்து இறுகிய கல் அது. நிலக்கரிப் புகை படிந்து பல தலைமுறை கன்னங்கரேலென்று இருந்ததைத் தேய்த்துக் கழுவித்தான் இந்த நிறத்தை மீட்டிருக்கிறார்கள்.

எப்படிக் கட்டினார்கள் என்பது என் தங்கைக்கு இன்னும் பிடிக்கும். வுட் நிலத்தை எடுத்தார், முகப்பை வரைந்தார், மனை மனையாகப் பிரித்துக் கொடுத்தார். எடுத்தவர்கள் முகப்பை அவர் வரைந்தபடி அப்படியே கட்ட வேண்டும். பின்னால் உள்ள வீட்டை அவரவர் இஷ்டப்படி கட்டிக்கொள்ளலாம். ஆகவே முன்னால் நின்றால் ஒரு அரண்மனை, பின்பக்கச் சந்துக்குப் போனால் முப்பது வீடு. ஒன்று உயரம், ஒன்று குட்டை, ஒன்று துருத்தி நிற்கும், ஒன்று உள்வாங்கியிருக்கும், கூரைகளும் ஒன்றுக்கொன்று ஒட்டாது. சுற்றுலா வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்தப் பின்பக்கத்தைப் பார்ப்பதே இல்லை. நீ கட்டாயம் போ என்று தங்கையிடம் சொல்லியிருக்கிறேன். ஊருக்குக் காட்டும் முகம் எல்லோருக்கும் பொது, குடித்தனம் அவரவருடையது என்ற ஏற்பாடு அங்கே நின்றால்தான் புரியும்.

அந்தப் பொது முகம் எவ்வளவு இறுக்கமானது என்பதற்கு 22-ஆம் எண் வீட்டுக் கதவு சாட்சி. வரிசையில் எல்லாக் கதவும் வெள்ளையாக இருக்க, 1970-களில் அங்கே குடியிருந்த ஒரு பெண்மணி தன் கதவுக்கு மஞ்சள் அடித்தார். மாற்றச் சொல்லி நகராட்சி நோட்டீஸ் கொடுத்தது. அவர் விடவில்லை. விசாரணை வரை போய், கடைசியில் மஞ்சளே இருக்கட்டும் என்று தீர்ப்பானது. முப்பது கதவில் அந்த ஒன்றைப் பிள்ளைகளைத் தேடிப் பிடிக்கச் சொல்லலாம். சின்னவர்களுக்கு அங்கே வேறு பொழுதுபோக்கு அதிகம் இல்லை.

முன்னால் இருக்கும் புல்வெளியில் இன்னொரு வேலைப்பாடு ஒளிந்திருக்கிறது. வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் பச்சை ஒரே சீராகக் கீழே இறங்கிப் போகும். வேலி எதுவும் தெரியாது. கீழே பூங்காப் பக்கம் நின்று பார்த்தால்தான் தெரியும், நடுவில் ஒரு பள்ளமும் அதை ஒட்டி ஒரு கல்சுவரும் இருக்கின்றன. இதற்கு ஹா-ஹா என்று பெயர். மேய்கிற மாடும் ஆடும் மேலே ஏறாது, பார்வையையும் எதுவும் மறிக்காது. மேல்பக்கப் புல் குடியிருப்பவர்களுக்கு மட்டும், கீழ்ப்பக்கம் எல்லோருக்கும்.

இங்கே குடியிருந்தவர்களில் ஒருவரின் பெயர் தமிழ்நாட்டில் ஒரு தலைமுறைக்கு மனப்பாடம். அப்பா ஸ்டெனோவாக முப்பது வருஷம் அரசு வேலை பார்த்தவர். மாயவரத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் காலையில் டைப்பும் மாலையில் சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டவர். 17-ஆம் எண் வீட்டுச் சுவரில் பதித்த பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார். ஐசக் பிட்மன். சுருக்கெழுத்தைக் கண்டுபிடித்து 1837-இல் வெளியிட்டவர், 1897-இல் இறந்தவர், இந்த வீட்டில் வாழ்ந்தவர். "நம்ம பிட்மனா இவரு?" என்று இரண்டு தடவை கேட்டார். அப்புறம் ஆள்காட்டி விரலால் இரும்புக் கம்பிமேல் ஒரு கோடு இழுத்தார். "மெலிசா இழுத்தா பி, ப-சத்தம். அதே கோட்டை அழுத்தி இழுத்தா பாத்-தோட பி." வேலையை விட்டுப் பதினெட்டு வருஷம் ஆகியிருந்தது. விரலுக்கு மறக்கவில்லை. அம்மாவும் நானும் பேசாமல் பக்கத்தில் நின்றுகொண்டோம்.

அதே 17-ஆம் எண் வீடும் 2-ஆம் எண் வீடும் 1942 ஏப்ரலில் ஜெர்மன் விமானங்கள் போட்ட குண்டில் எரிந்து உள்ளே கூடாகிப் போனவை. அந்த இரண்டு இரவுகளில் ஊரில் 400-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இன்று பார்த்தால் எது எரிந்த வீடு, எது பழைய வீடு என்று சொல்ல முடியாது. அவ்வளவு பொறுமையாகத் திருப்பிக் கட்டியிருக்கிறார்கள்.

உள்ளே போய்ப் பார்க்கவும் வழி இருக்கிறது. வரிசையின் முதல் வீடு அருங்காட்சியகம். 1776 முதல் 1796 வரையிலான இருபது வருஷக் காலத்தில் வீடு எப்படி இருந்திருக்கும் என்று அறை அறையாக அமைத்திருக்கிறார்கள். நிலவறையில் சமையலும் வேலைக்காரர்களும், தரைத்தளத்தில் சாப்பாட்டு அறை, முதல் மாடியில் விருந்தினர் கூடம், அதற்கு மேலே படுக்கையறைகள், கூரையடியில் மறுபடி வேலைக்காரர்கள். முதல் மாடி ஜன்னல்தான் எல்லாவற்றிலும் உயரம். ஏனென்றால் ஊர் பார்ப்பது அதைத்தான். பின்னாளில் விக்டோரியா காலத்தில் பல வீட்டுக்காரர்கள் அந்த ஜன்னல்களின் அடிக்கட்டையை இடித்துக் கீழே இறக்கிவிட்டார்கள். ஆகவே வரிசையில் ஜன்னல்களின் அடிமட்டம் இன்று ஒரே கோட்டில் இல்லை. தங்கையின் கண்ணுக்கு அது உடனே தட்டுப்படும்.

பாத்துக்குப் போனால் ராயல் கிரெசண்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதும் இல்லை. இரண்டு மூன்று நிமிட நடையில் சர்க்கஸ். அங்கே 14-ஆம் எண் வீட்டில் ராபர்ட் கிளைவ் பெயரில் ஒரு பலகை இருக்கிறது. 1751-இல் ஆற்காட்டுக் கோட்டையைப் பிடித்தவர், 1753-இல் சென்னை ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்தில் கல்யாணம் செய்துகொண்டவர், அதே கிளைவ். இந்தியாவில் சம்பாதித்ததை எடுத்துக்கொண்டு இங்கே உடம்பு தேற்ற வந்து தங்கியிருக்கிறார். இந்தத் தேன் நிறக் கல்லுக்குப் பின்னால் எங்கெங்கிருந்து வந்த பணம் இருக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்கு அங்கே நிறுத்திச் சொல்ல வேண்டும். அழகு என்று ரசிப்பதற்கு அது தடை இல்லை. ஆனால் சொல்லாமல் விடக் கூடாது.

கால் வலுவாக இருந்தால் இன்னும் மேலே ஏறி கேம்டன் கிரெசண்ட் வரை போகலாம். 1788-இல் ஜான் எவ்லி தொடங்கியது. கட்டிக்கொண்டிருக்கும்போதே கிழக்குப் பக்க மண் சரிந்து, அந்தப் பக்கம் முடிக்க முடியாமல் போனது. அதனால் நடுவில் இருக்க வேண்டிய முக்கோண முகடு இன்று ஓரமாக நிற்கிறது. முகட்டுக்குக் கீழே ஐந்து தூண்கள். மரபுப்படி இரட்டைப்படையில் வைப்பதுதான் வழக்கம், ஐந்து வைத்தால் நட்டநடுவில் ஒரு தூண் வந்து நிற்கும். கதவுகளுக்கு மேலே யானைத் தலை வேறு செதுக்கியிருக்கிறது, கேம்டன் பிரபுவின் குடும்பச் சின்னம். குறையோடு நிற்கும் அந்தப் பிறையைப் பார்த்தால் இந்தக் குன்றுச் சரிவுகளில் கட்டுவது எவ்வளவு பெரிய துணிச்சல் என்று தெரியும்.

சரி, கிளிஃப்டனுக்கு வருவோம். பிரிஸ்டல் நகரத்தின் மேட்டுப்பகுதி அது. அங்கே இருப்பது ராயல் யார்க் கிரெசண்ட். 46 வீடுகள், ஏறக்குறைய 390 மீட்டர். ஐரோப்பாவிலேயே நீளமான கிரெசண்ட் இதுதான் என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். பாத்தைப் போல இரண்டரை மடங்கு நீளம். ஆனால் இதன் கதை பாதியில் நின்ற கதை. 1791-இல் வேலை தொடங்கியது. 1793-இல் பிரான்சோடு போர் மூண்டதும் வங்கிகள் ஆட்டம் கண்டு, கட்டியவர் திவாலானார். கூரையில்லாத சுவர்கள் வருஷக்கணக்கில் மழையில் நின்றன. 1801-இல் படைவீரர்களைத் தங்கவைக்க அரசாங்கம் வாங்கியது. பட்டாளம் வேண்டாம் என்று அக்கம்பக்கத்தார் எதிர்த்தார்கள். மறுபடி விற்று, வேலை முடிந்தபோது 1820. ஒரு வீதியைக் கட்டி முடிக்க முப்பது வருஷம்.

இங்கே தூண் கிடையாது. கல் முகப்பும் இல்லை. சாந்து பூசி வெளிர் நிறம் அடித்த சுவர்களும், மெல்லிய இரும்புக் கிராதி வைத்த பால்கனிகளும்தான். பாத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எளிமையானது. இதன் பெருமை காலடியில் இருக்கிறது. மலைச்சரிவில் நிலவறை வளைவுகளை வரிசையாகக் கட்டி, அதன் மேல் ஒரு நீண்ட கல் நடைமேடை போட்டிருக்கிறார்கள். வீட்டு வாசல்கள் அந்த மேடையில் திறக்கும். சாலை கீழே போகும். ஆகவே கார் எதுவும் குறுக்கே வராமல் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை, கீழே துறைமுகத்தையும் எதிரே குன்றுகளையும் பார்த்துக்கொண்டே நடக்கலாம். பாத்தில் நீங்கள் கட்டடத்தைப் பார்ப்பீர்கள். இங்கே கட்டடம் என்ன பார்க்கிறதோ அதை அதன் தோளில் நின்று நீங்களும் பார்ப்பீர்கள்.

கிளிஃப்டனில் இதே போன்ற ஒரு வரிசை வீட்டில்தான் நான் ஒரு வருஷம் வாடகைக்கு இருந்தேன், நிலவறை பிளாட்டில். வீடு காட்டியவர் ஈரம் பற்றி வாயே திறக்கவில்லை. நவம்பரில் சுவர் வியர்க்க ஆரம்பித்தது. அலமாரியில் வைத்த பட்டுப்புடவையில் பூஞ்சை பூத்தது. பாரம்பரியக் கட்டடம் என்பதால் ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி போடவும் அனுமதி வாங்க வேண்டும். இருந்தும் அந்த வருஷத்தை நான் நினைத்துக்கொள்வது ஒரு சத்தத்துக்காக. ஜன்னலின் இரண்டு பக்கமும் மரப்பலகை அடித்திருந்ததை வெறும் அலங்காரம் என்றுதான் நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை விளிம்பில் வெண்ணெய்க் கத்தியை விட்டு, அடுக்கடுக்காக அடித்திருந்த பெயிண்ட்டைச் சுரண்டி நெம்பினேன். டப்பென்று விடுபட்டு, மடிப்பு மடிப்பாக ஒரு கதவு வெளியே வந்தது. 200 வருஷத்துக்கு முன்னால் செய்த உள்கதவு. கீல் ஒரு சொட்டு எண்ணெய்க்கு அசைந்து கொடுத்தது. அன்று ராத்திரி அதைச் சாத்தியதும் ஜன்னலோரக் குளிர் பாதியாகக் குறைந்தது. பழைய வீடு தன்னைப் பார்த்துக்கொள்ளத் தேவையானதை எல்லாம் உள்ளேயே வைத்திருக்கிறது, நாம்தான் மேலே பெயிண்ட் அடித்துவிடுகிறோம்.

கிளிஃப்டனின் செல்வத்தில் பெரும்பங்கு பிரிஸ்டல் துறைமுகத்திலிருந்து வந்தது. அந்தத் துறைமுகம் ஆப்பிரிக்கர்களை அடிமைகளாக விற்று, கரீபியத் தீவுகளின் சர்க்கரையைக் கொண்டுவந்து வளர்ந்தது. இதை ஒளிக்காமல் சொல்லும் ஒரு வீடு கிரேட் ஜார்ஜ் வீதியில் இருக்கிறது. 1790 வாக்கில் நெவிஸ் தீவில் சர்க்கரைத் தோட்டம் வைத்திருந்த ஜான் பின்னி தனக்காகக் கட்டிக்கொண்டது. இப்போது அருங்காட்சியகம். அவர் கூட்டிவந்த பெரோ என்ற அடிமை இந்த வீட்டில்தான் வேலை செய்தார். துறைமுகத்தில் நடந்து கடக்கும் ஒரு பாலத்துக்கு இன்று அவர் பெயர். நான் ஊருக்கு யார் வந்தாலும் இரண்டையும் சேர்த்துத்தான் காட்டுவேன்.

பக்ஸ்டன் வேறு மாதிரி. டார்பிஷயர் மலைப்பகுதியில், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்தில் இருக்கும் சின்ன ஊர். டெவன்ஷயரின் ஐந்தாம் டியூக், எக்டன் செப்புச் சுரங்கத்தில் வந்த லாபத்தைப் போட்டு, பாத்துக்குப் போட்டியாக 1780 முதல் 1789 வரை இதைக் கட்டவைத்தார். வரைந்தவர் யார்க் நகரத்து ஜான் கார். பாத்தில் இருப்பது வெறும் வீடுகள். இங்கே ஒரே பிறைக்குள் விடுதிகள், தங்கும் வீடுகள், கடைகள், நடனக் கூடம் எல்லாவற்றையும் அடைத்தார்கள். தரைத்தளம் முழுக்க வளைவுத் தாழ்வாரம். அந்த ஊர் மழைக்கு அது எவ்வளவு அவசியம் என்பது, குடை உதறிக்கொண்டு அதற்குள் ஒதுங்கினால் தெரியும். கல்லும் வேறு, சொரசொரப்பான மணற்கல். தேன் நிறம் இல்லை, ஈர மண்ணில் சாம்பல் கலந்தது போல இருக்கும்.

பாதி வாழ்க்கையை இந்தக் கட்டடம் நோயாளியாகவே கழித்தது. 1990-களில் மூடிக் கிடந்து மழைநீர் இறங்கி, இனி அவ்வளவுதான் என்று ஊரே நினைத்திருந்தது. நீண்ட பழுதுபார்ப்புக்குப் பிறகு 2020-இல் வெந்நீர்க் குளியலோடு கூடிய ஹோட்டலாகத் திறந்தார்கள். எதற்காகக் கட்டினார்களோ அதே வேலைக்கு, 230 வருஷம் கழித்து. எதிரே செயின்ட் ஆன் கிணறு என்ற குழாயடி இருக்கிறது. வெயிலோ பனியோ, 27 டிகிரி வெதுவெதுப்பில் ஊற்றுநீர் விழுந்துகொண்டே இருக்கும். காசு வேண்டாம். ஊர்க்காரர்கள் கேன் கேனாகப் பிடித்துக்கொண்டு போவார்கள். ஜனவரிக் குளிரில் கையுறையைக் கழற்றி அந்தத் தண்ணீரில் கையை வைத்தபோதுதான், இந்தப் பிறைகள் எல்லாம் எதைச் சுற்றி எழும்பின என்பது எனக்கு உறைத்தது.

இப்போது தங்கையின் சனிக்கிழமை. லண்டனிலிருந்து பக்ஸ்டன் போக மான்செஸ்டர் வழியாக மாற வேண்டும். மான்செஸ்டருக்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல், அங்கிருந்து இன்னொரு மணி நேரம். போகவும் வரவும் நாளே போய்விடும். ஓர் இரவு தங்க முடிந்தால் மட்டும் பக்ஸ்டன். முட்டிவலி உள்ளவர்களை அழைத்துப்போக மூன்றிலும் அதுதான் சிறந்தது என்று நான் நிச்சயமாகச் சொல்வேன். கிரெசண்டுக்குள்ளேயே தூங்கலாம், தாழ்வாரத்தில் நடக்கலாம், வெந்நீரில் காலை வைக்கலாம். ஒருநாள் பயணத்துக்கு அது ஒத்துவராது.

கிளிஃப்டனும் லண்டனிலிருந்து போய்வரக்கூடிய தூரம்தான். ஆனால் டெம்பிள் மீட்ஸ் ஸ்டேஷனில் இறங்கி மேட்டுக்குப் பஸ்ஸோ டாக்சியோ பிடிக்க வேண்டும். ஏற்கெனவே பாத்தைப் பார்த்தவர்களுக்கும், இரண்டாம் முறை வருகிறவர்களுக்கும், வீதியில் நடப்பதையே ஒரு காரியமாக வைத்துக்கொள்ளக்கூடியவர்களுக்கும் நான் அதைத்தான் சொல்வேன். முதல் முறை வருகிறவளுக்கு அது முன்னுரை படிக்காமல் நடு அத்தியாயத்தைத் திறப்பது போல ஆகிவிடும். பாத்திலிருந்து கால் மணி நேர ரயில்தானே, இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடலாமா என்று கேட்டாள். மாமியாரை வைத்துக்கொண்டு வேண்டாம். இரண்டு ஊரிலும் மேடுதான் ஏற வேண்டும்.

ஆகவே பாத். லண்டன் பாடிங்டன் ஸ்டேஷனிலிருந்து ஒன்றரை மணி நேரம். காலை ரயிலைப் பிடித்தால் முகப்பில் வெயில் இருக்கும்போதே போய்விடலாம். ஸ்டேஷனிலிருந்து கிரெசண்டுக்கு நடந்தால் இருபத்தைந்து நிமிடம், முழுக்க ஏற்றம். மாமியாரையும் பிள்ளைகளையும் டாக்சியில் ஏற்றிவிடு, ஆனால் நேராகக் கிரெசண்டுக்குப் போகச் சொல்லாதே. சர்க்கஸில் இறக்கிவிடச் சொல். அங்கே கிளைவ் வீட்டைப் பார்த்துவிட்டு, ப்ராக் வீதி வழியாக எல்லோரும் மெதுவாக நடந்து போங்கள். அது மட்டமான தரை, மாமியாரும் நடந்துவிடுவார். அந்த வீதியை இளைய வுட் வேண்டுமென்றே எளிமையாக விட்டிருக்கிறார். கடைசி வீடு வரைக்கும் முன்னால் என்ன இருக்கிறது என்று துளியும் தெரியாது. அந்த மூலை திரும்பும் வரைக்கும் போன் எல்லோருடைய பையிலும் இருக்கட்டும்.